ஓஜே கேட்காமல் விட்டது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. சம்பந்திக்கு உடம்பு தேறி வருகிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மழை விட்டபாடில்லை, அதனால் பொழுதெல்லாம் படிப்பில்தான் போகிறது.

கரீபியன் கடலில் இருக்கும் ஹைத்தியைப் பற்றிக் கல்லூரி நாட்களில் எவ்வளவு பேசியிருக்கிறோம்! இப்போது அங்கே அடிமைகள் நடத்திய புரட்சிக்கு முந்தைய காலத்தைப் படிக்கிறேன். அன்று அது சான் டொமாங் என்ற பிரெஞ்சுக் காலனி. வெள்ளை முதலாளிகளுக்கும் ஆப்பிரிக்க அடிமைப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் வம்சம் அங்கே பெருகியிருந்தது. 1789 வாக்கில், விடுதலை பெற்ற கறுப்பர்களையும் சேர்த்து இவர்கள் சுமார் 28,000 பேர். வெள்ளையர்கள் ஏறக்குறைய 30,000. அடிமைகளோ ஐந்து லட்சத்தை நெருங்கியிருந்தார்கள்.

விடுதலை பெற்றவர்களுக்குச் சம உரிமை உண்டு என்றது 1685ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் இவர்கள் காப்பி பயிரிட்டுப் பணக்காரர்களாக ஆக ஆக, வெள்ளையர்களுக்குப் பொறுக்கவில்லை. வக்கீலாக முடியாது, மருத்துவராக முடியாது. 1773இல் வெள்ளைத் தகப்பனின் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளவும் தடை வந்தது. பெற்ற பிள்ளைக்குத் தன் பெயரைக்கூடத் தராத தகப்பன்மார்! மொரோ தெ சேன் மெரி என்ற வழக்கறிஞர் ஒரு மனிதனின் முன்னோரை 128 பங்காகப் பிரித்து, அதில் எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு என்று பட்டியலே போட்டிருக்கிறார். அதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

நான் உனக்குச் சொல்ல வந்தது வின்சென்ட் ஓஜே பற்றி. கலப்பினத்தைச் சேர்ந்த வசதியான வியாபாரி. பாரிசில் மன்றாடிப் பார்த்துவிட்டு, 1790 அக்டோபரில் ஊர் திரும்பிச் சில நூறு பேரோடு ஆயுதம் எடுத்தார். தம்மவர்க்கு ஓட்டுரிமை வேண்டும், அவ்வளவுதான் அவர் கோரிக்கை. அடிமைகளுக்காக வரவில்லை என்று ஆட்சியாளர்களுக்கே எழுதினார். அடிமைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று கூட்டாளி சவான் சொன்னதாகவும், இவர் மறுத்ததாகவும் ஒரு செய்தி உண்டு. தோற்று, எல்லை தாண்டி ஸ்பானியப் பகுதிக்கு ஓடினார்கள். ஸ்பானியர்கள் அவர்களைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1791 பிப்ரவரியில் இருவரையும் கை கால் எலும்பை நொறுக்கிச் சக்கரத்தில் கட்டிக் கொன்றார்கள்.

அவர் மீது எனக்கு இரக்கமும் உண்டு, கோபமும் உண்டு. ஓஜே போன்ற கலப்பினத்தவரில் பலரிடம் அடிமைகள் இருந்தார்கள், தெரியுமா? தாய்வழிச் சொந்தங்களையே வேலை வாங்கிக்கொண்டு தகப்பன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அடிமைகளே எழுந்துவிட்டார்கள்.

நீ ஓஜேயை மன்னிப்பாயா? எனக்கு இன்னும் மனசு வரவில்லை. உன் எண்ணத்தை எழுது. அப்புறம், தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்