எடை ஏறாத குழந்தைக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் வேண்டும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறை இயக்குநர் அவர்களுக்கும் பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்து, அங்கன்வாடிப் பணியாளராக ஓய்வுபெற்றவள் நான். ஆயிரக்கணக்கான முறை குழந்தைகளைத் தராசுத் தொட்டிலில் இட்டு எடை எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒரு குழந்தையின் விஷயத்தில் நான் செய்த தவறே இம்மடலை எழுத வைக்கிறது.

அது பெண் குழந்தை. இரண்டாம் மாதம் 5.2 கிலோ, மூன்றாம் மாதம் 5.7, நான்காம் மாதம் 5.8, ஐந்தாம் மாதமும் 5.8, ஆறாம் மாதம் 5.9. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஆறு மாதப் பெண் குழந்தையின் எடை 5.7 கிலோவுக்குக் குறையாதவரை வளர்ச்சி அட்டையில் பச்சைப் பட்டைதான். நானும் ஒவ்வொரு மாதமும் பச்சையில் புள்ளி வைத்து, சாதாரண எடை என்று எழுதி அனுப்பினேன். முதலில் சராசரி எடையைக் காட்டும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழந்தை நான்கே மாதங்களில் பச்சையின் அடி விளிம்புக்கு இறங்கியிருந்ததை அந்த ஒற்றைச் சொல் மறைத்துவிட்டது. பால் குடிக்கும்போது அவளுக்கு நெற்றியெல்லாம் வியர்க்கும். நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்குவாள். சூட்டு உடம்பு என்றார்கள் வீட்டில். தாய்க்குப் பால் போதவில்லை என்றது ஊர். பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஏழாம் மாதம் நெஞ்சுச் சளியோடு மதுரைக்குத் தூக்கிப் போன பிறகுதான் இதயத்தில் துளை இருப்பது தெரிந்தது. இத்தகைய குழந்தைக்குப் பால் குடிப்பதே கடும் உழைப்பு. குடிப்பது குறைகிறது, இதயமும் நுரையீரலும் செலவழிப்பது கூடுகிறது, உடம்பில் சேர ஒன்றும் மிஞ்சுவதில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவளது கோடு மேலே திரும்பியது. அதுவரை அந்தத் தாய் கேட்ட பழிச்சொற்களுக்கு நானும் ஒரு காரணம்.

எடை ஏறாத குழந்தைகளில் இதய நோயுள்ளவர்கள் மிகச் சிலரே என்பதை அறிவேன். பெரும்பாலோருக்கு உள்ளே போகும் உணவே போதவில்லை. ஆனால் ஏன் போதவில்லை என்பதற்கு வீட்டுக்கு வீடு வேறு காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு தாய் டின் பாலை நாள்கணக்கில் நீட்டிக்க, அளவு சொன்ன தண்ணீரைப் போல இரண்டு பங்கு ஊற்றிக் கரைத்துவந்தாள். கூலி வாங்கும் குடும்பத்தில் அதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? மற்றொரு வீட்டில் ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குக் கஞ்சித் தெளிவையே ஊட்டினார்கள். உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு வயிறு தண்ணீராலேயே நிறைந்துவிடுகிறது. கரண்டியிலிருந்து வழியாத கெட்டியான கூழும் அதில் ஒரு சிறு கரண்டி எண்ணெயும் செய்யக்கூடியதை நாலு கிண்ணம் தெளிவு செய்யாது. அடுத்த கரு தங்கியதும் பால் மறக்கடிக்கப்பட்டு மெலிந்துபோகும் பிள்ளையைச் சவலை என்று நம் பாட்டிமார் தனிப்பெயர் வைத்தே அழைத்தார்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது. அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தை, வீட்டில் காசநோயாளியுடன் உறங்கும் குழந்தை, எடை குறைந்து பிறந்த குழந்தை, பேற்றுக்குப் பின் மனச்சோர்வில் யாரோடும் பேசாமல் கிடக்கும் தாயின் குழந்தை என்று இன்னும் பலர். இவர்கள் எல்லோருக்கும் நாங்கள் கொடுத்தது ஒரே சத்துமாவுப் பொட்டலம். சத்துமாவு நல்ல உணவு. பலருக்கு அதுவே கைகொடுக்கிறது. ஆனால் மூச்சு வாங்கும் பிள்ளைக்கும் சவலைப் பிள்ளைக்கும் அது ஒரே மருந்தாகாது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். இந்தியச் சராசரியான 35.5 சதவீதத்தைவிட இது குறைவு என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆயினும் போதிய உணவு இல்லாத குழந்தையின் உடல் முதலில் எடையை இழக்கிறது, குறை நீடித்தால் நீளம் நின்றுபோகிறது, இன்னும் நீடித்தால் தலைச் சுற்றளவும் தேங்குகிறது. ஆகவே, உயரம் குறைந்துபோன அந்த நான்கில் ஒருவரில் பலரது எடைக்கோடு, யாரோ ஒரு பணியாளரின் கையில் மாதக்கணக்கில் படுத்தே கிடந்திருக்கும்.

இதைத் தடுக்கும் வழியை வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. நான் முதலில் வேலை பார்த்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1980-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கப்பட்டபோது, 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறுகிறதா என்பதையே முக்கியமாகப் பார்த்தது. ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு தொடங்கும். ஏறத் தொடங்கிய பின் நிறுத்தப்படும். பிள்ளை எந்த நிறப் பட்டையில் இருக்கிறது என்பதோடு கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க அன்று எங்களைப் பழக்கினார்கள். பின்னாளில் பதிவேடுகள் பெருகின, செயலி வந்தது, நிறம் மட்டும் தங்கிவிட்டது. பழகிய நானே அதை மறந்தேன்.

நான் கேட்பது இதுதான். முதல் ஆறு மாதங்களில் ஒரு மாதமும் அதற்குப்பின் தொடர்ந்து இரண்டு மாதங்களும் எடை ஏறாத குழந்தைக்கு, நிறம் பச்சையாக இருந்தாலும், பதிவேட்டிலும் செயலியிலும் காரணம் எழுத ஒரு கட்டம் வையுங்கள். அதை நிரப்புமுன் பணியாளரோ கிராம சுகாதார செவிலியரோ அந்த வீட்டில் உட்கார்ந்து, குழந்தை ஒரு வேளை பால் குடிப்பதை அல்லது உண்பதை முழுவதும் பார்க்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். காரணம் விளங்காவிட்டால் மருத்துவர் பரிசோதித்த தேதி அந்தக் கட்டத்தில் ஏற வேண்டும். அது ஏறும்வரை இரு துறைகளும் அந்தப் பெயரைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. அவ்வளவு நேரம் ஒரு வீட்டில் உட்கார, பணியாளருக்கு வேறு வேலைகளைக் குறைத்துத் தர வேண்டியிருக்கும். அந்த முடிவு உங்கள் இருவர் கையிலும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.