நாய்க்கு ஒரு ராத்திரிப் பணம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பெரிய நாய் வாங்கப் போகிறாயாம்; ஜெர்மன் ஷெப்பர்டா, கிரேட் டேனா என்றே முடிவாகவில்லை. அதற்குள் குட்டி விலை, கழுத்துப்பட்டை, தீனிக் கிண்ணம் வரை கணக்குப் போட்டுவிட்டாய்! என் நாய் கருப்பனை வாங்கியபோது நானும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

குட்டியின் விலை ஒருமுறையோடு போயிற்று. அப்புறம் எல்லாம் எடைக்கணக்கு. பூச்சி மருந்து, உண்ணி மருந்து, மயக்க மருந்து எல்லாமே கிலோவுக்கு இவ்வளவு என்றுதான். 10 கிலோ நாய்க்கு ஒரு மாத்திரை என்றால் 40 கிலோ நாய்க்கு நாலு. தடுப்பூசி மட்டும் எந்த நாய்க்கும் ஒரே அளவு. நமக்குக் கிடைக்கும் சலுகை அவ்வளவுதான்.

சீக்கிரம் வளரட்டும் என்று கால்சியம் வாங்கிக் கொட்டாதே. பெரிய இனக் குட்டிகளுக்கு அது மிஞ்சினால் எலும்பே கோணும். தீனியையும் அளந்து போடு. 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002-ல் வந்தது: கால்பங்கு குறைத்துத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வைத்தியமும் தாமதமாகத்தான் தேவைப்பட்டது. மிச்சம் பிடித்தால் நாய்க்கே நல்லது என்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

கருப்பனுக்கு ஆறு வயதில் ஒரு ராத்திரி வயிறு உப்பிவிட்டது. ஓங்கரிக்கிறான், ஒன்றும் வரவில்லை. இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொண்டதாம். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்குத்தான் அதிகம் வரும். சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் உயிர் தங்காது. முன்பணம் கேட்டார்கள். என்னிடம் இல்லை. மைத்துனரை எழுப்பிக் கடன் வாங்கினேன். பிழைத்தான். ஆனால் அந்த ஒரு ராத்திரி, அவனுடைய இரண்டு வருஷத் தீனிச் செலவை விழுங்கிவிட்டது. கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டால் முறுக்கிக்கொள்வது பெரும்பாலும் தடுக்கப்படும் என்று பிறகுதான் சொன்னார்கள். நீ முதலிலேயே மருத்துவரிடம் கேட்டுவை.

ஒன்று செய். நாய் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, தீனிக்கும் மருந்துக்கும் ஆகும் தொகையை மூன்று மாதம் தனியாக எடுத்து வை. மாசக் கடைசியில் கையைக் கடிக்கவில்லை என்றால் குட்டியைப் பார்க்கப் போ. சேர்ந்த பணத்தை மட்டும் தொடாதே, அதுதான் ராத்திரிப் பணம்.

கருப்பனுக்கு இப்போது ஒன்பது. இடுப்பு தளர்ந்துவிட்டது, வண்டியில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். வழுக்கி விழாமல் இருக்கப் போன வாரம் கூடம் முழுக்க விரிப்பு வாங்கிப் போட்டேன். மூலையில் ஒரு முழம் வெறுந்தரை மிச்சம் இருந்தது. அங்கேதான் படுத்திருக்கிறான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்