ஆரே ஆற்றில் இரண்டு அரைக்கிழவர்கள்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுவிசிலிருந்து வந்து சேர்ந்து ஐந்து நாளாகிவிட்டது. அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. தம்பி இன்னும் சுவிஸ் நேரத்துக்குத்தான் எழும்புகிறான். அது நேர வித்தியாசத்தால் அல்ல என்பது உனக்கும் தெரியும்.

அவன் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாத்திலும் மலைதான் இருக்கு, மாமாவைக் காணேல்லையே" என்று கேட்டாய். போனில் சொல்லலாம் என்றால், நீ வார்டு வேலை முடிந்து கொட்டாவி விட்டபடிதான் எடுக்கிறாய். அரைவாசிக் கதையில் நித்திரையாகிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

விசாவிலிருந்து தொடங்குகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுவிசுக்குப் போக மாமா ஒரு பொறுப்புப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. அங்கே இருக்கும் நாட்களில் எங்களுக்கு வருத்தம் வந்து ஆசுபத்திரிச் செலவோ வேறு செலவோ அரசாங்கத்தின் தலையில் விழுந்தால், 30,000 பிராங்க் வரை தான் கட்டுவேன் என்ற பத்திரம். இதை அவர் எனக்குச் சொல்லவேயில்லை. கொழும்பில் கோப்பைப் புரட்டியபோதுதான் கண்டேன். அம்மா வழக்கம்போல ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தா. அன்று பின்னேரம் மாமாவுக்கு எடுத்துக் கேட்டேன். "ஒரு கையெழுத்துத்தானே மச்சான்" என்றார். எங்கள் வகுப்பில் கையெழுத்து மிக மோசமான ஆள் அவர்தான்.

வீடு பேர்ன் நகரத்தின் மேற்குப் பக்கம், பும்ப்ளிட்ஸ் என்ற இடத்தில். மூன்றரை அறை வீடு. அந்த அரை அறை எங்கே இருக்கிறது என்று தம்பி இரண்டு நாள் தேடினான். அங்கே வீட்டை அப்படித்தான் எண்ணுவார்களாம். சாப்பாட்டு மேசை போடுகிற மூலையும் அரை அறைக் கணக்கில் வந்துவிடும். எனக்கும் அம்மாவுக்கும் ஒரு அறை தந்தார்கள். கட்டில், புது விரிப்பு, தலைமாட்டில் தண்ணீர்ப் போத்தல். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கிற அறை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் விடியப்புறம் தண்ணீர் குடிக்க எழும்பினால் ஹோலில் தம்பி சோபாவில் கிடக்கிறான், கீழே வெறும் விரிப்பில் மாமா. மாமி தன் மகளின் அறையில். நாங்கள் படுத்திருந்தது அவர்களின் கட்டில். முதல் நாள் இரவு பதினொன்றரைக்குத்தான் மாமா வேலையால் வந்தவர். அவரைத் தாண்டிக் குசினிக்குப் போக மனம் வராமல் திரும்பி வந்து படுத்துவிட்டேன். காலையில் இதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அம்மாவுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து அந்தக் கட்டிலில் அம்மா ஒரு ஓரமாகத்தான் படுத்தா.

மாமா 1989இல் போனவர் என்று உனக்குத் தெரியும். அடுத்த வருஷம் ஊரே இடம்பெயர்ந்தது. 2004இல் ஒரு தடவை வந்தபோது நீ அவர் மடியில் இருந்து சொக்கலேற் தின்றிருக்கிறாய். அப்போது எங்கள் வீடு இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள். வாடகை வீட்டில்தான் அவரைக் கவனித்தோம். அங்கே போன புதிதில் கோப்பை கழுவினார், பிறகு மரக்கறி வெட்டினார். இப்போது பழைய நகரத்தில் ஒரு உணவகத்தில் சமையற்காரர். றோஷ்டி என்று ஒரு சாப்பாடு. உருளைக்கிழங்கைத் துருவி, தாச்சியில் ரொட்டிபோலத் தட்டி, இரண்டு பக்கமும் முறுகப் பொரிப்பது. எங்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுட்டுத் தந்தார். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கு, ஒரு பச்சைமிளகாய்தான் குறையுது" என்று எழும்பிப் போய் வெட்டிக்கொண்டு வந்தா. முப்பது வருஷமாக வெள்ளைக்காரருக்கு அதைச் சுட்டுக் கொடுத்த மனுஷன் பச்சைமிளகாயோடு சாப்பிட்டுவிட்டு, "இது ஏன் எனக்குத் தோன்றேல்லை" என்றார்.

அம்மாவுக்கும் அந்த ஊர்ச் சட்டங்களுக்கும் நடந்த சண்டையைத் தனியாக எழுத வேண்டும். உடுப்புத் தோய்க்கிற மெஷின் கட்டடத்தின் நிலவறையில், எல்லா வீட்டுக்கும் பொது. யாருக்கு எந்த நாள் என்று பட்டியல் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை தோய்க்கக் கூடாது. இரவு பத்துக்குப் பிறகு மிக்ஸி போடக் கூடாது. குப்பையைக் காசு கொடுத்து வாங்கிய நீலப் பையில்தான் போட வேண்டும். போத்தல்களை நிறம் பார்த்துப் பிரித்துக் கொண்டுபோய்ப் பொதுத் தொட்டியில் போட வேண்டும், அதையும் ஞாயிற்றுக்கிழமை செய்யக் கூடாது, உடைகிற சத்தம் கேட்குமாம். "ஞாயிற்றுக்கிழமை மூச்சு விடலாமோ?" என்று அம்மா கேட்டா. மாமி சிரிக்கவில்லை. வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்ததையும், அப்போது டொச்சு மொழி விளங்காமல் எல்லாவற்றுக்கும் "யா யா" என்று தலையாட்டியதையும் பிறகு சொன்னா. அதற்குப் பிறகு அம்மா சட்டம் பற்றி வாய் திறக்கவில்லை. கடைசி வாரத்தில் போத்தல் பிரிக்கிற வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டா.

ஒரு வெள்ளிக்கிழமை பேர்னில் ஒய்ரோபாபிளாட்ஸ் என்ற இடத்தில் இருக்கிற கோயிலுக்குப் போனோம். 2014இல் திறந்த கட்டடம், சமயங்களின் இல்லம் என்று பெயர். ஒரே கூரைக்குக் கீழே எங்கள் சைவக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், புத்த மண்டபம் எல்லாம் இருக்கின்றன. வெளியே பார்த்தால் கந்தோர்க் கட்டடம்போல இருக்கும். உள்ளே போனால் விபூதி வாசம், மணிச்சத்தம். பூசை தமிழில். பெண்களும் பூசை செய்கிறார்கள். அம்மா முதலில் என்னைப் பார்த்தா, பிறகு பூசை செய்த பிள்ளையைப் பார்த்தா, பிறகு கண்ணை மூடிக்கொண்டா. வெளியே வந்து, "தேவாரம் சுத்தமாகச் சொல்லுது பிள்ளை" என்றா. அவ்வளவுதான். நான் புத்த மண்டபத்தின் கதவடியில் கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைத்தான் நீ படத்தில் பார்த்துவிட்டாயே. யுங்ஃபிராயோக் போகவில்லை. 3,454 மீட்டர் உயரத்தில் ரயில் நிலையம், மலையைக் குடைந்து 1912இலேயே கட்டி முடித்திருக்கிறார்கள். மாமா கூட்டிப் போவதாகத்தான் நின்றார். அம்மா கட்டணத்தை முந்நூற்றுச் சொச்சத்தால் பெருக்கிவிட்டு, தனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டா. திருகோணமலையில் கோணேசர் கோயில் பாறை நுனியில் நின்று கீழே எட்டிப் பார்க்கிற ஆளுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாதாம்! பதிலாக லவுட்டர்புரூனன் என்ற ஊருக்குப் போனோம். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு அருவி விழுகிறது. பாதி வழியிலேயே காற்றில் கலைந்து புகையாகிவிடுகிறது. தூன் ஏரிக்கரையில் நீசன் என்ற மலை, சின்ன வயதில் நாங்கள் கீறுகிற மலைமாதிரி அப்படியே முக்கோணம். மலையேறுகிற ரயிலின் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உச்சி வரை 11,674 படி இருக்கிறது என்று தம்பி வாசித்துச் சொன்னான். ஏறுவோமா என்று கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.

ஆகஸ்ட் முதலாம் திகதி அவர்களின் தேசிய நாள். 1291இல் நாடு உருவானதாகக் கணக்கு. ஊரெல்லாம் தீ மூட்டி வெடி கொளுத்துகிறார்கள். மாமா பின்னேரம் ஆறு மணிக்கே ஒவ்வொரு யன்னலாகச் சாத்தினார், வெக்கையான நாள் அது. மாமி அவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா. இரவு வெடிச்சத்தம் கேட்டபோது நாங்கள் நாலு பேரும் ஹோலில் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருந்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, நல்ல வடிவு என்றார்கள்.

இனி ஆற்றுக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

பேர்னின் பழைய நகரத்தை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடுகிற ஆற்றின் பெயர் ஆரே. "ஆறுக்குப் பேரே ஆரே" என்று தம்பி முதல் நாளே பகிடி விட்டான். பனிமலையிலிருந்து வருகிற தண்ணீர், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம். கோடையில் ஊர்ச் சனம் முழுக்க அதற்குள்தான். மார்சிலி என்ற இடத்தில் உடுப்பை வைத்துவிட்டு, கரையோரமாக வெறுங்காலோடு மேல்நோக்கி நடந்து, ஐக்ஹோல்ஸ் பக்கம் இறங்கி, ஆற்றோடு மிதந்து மறுபடி மார்சிலிக்கு வருவார்கள். கந்தோர் முடிந்த கனவான்களும் அப்படியே. மேலே மேட்டில் பாராளுமன்றம், கீழே குளிக்கிற சனம்.

எங்கள் காலத்தில் கீரிமலைக் கேணியில் மதிலில் ஏறிக் குதிக்கிறவர்களில் முதலாள் மாமாதான். எனக்கு நீந்தப் பழக்கியது அவர். பழக்கியது என்றால், பின்னால் நின்று தள்ளிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் நேரே அங்கேதான். ஒரு பக்கம் கடல் அடிக்கும், இந்தப் பக்கம் கேணியில் நல்ல தண்ணீர். அவர் மேலே நின்று "ஐயோ" என்று கத்திக்கொண்டு குதிப்பார். ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்குக் கிரியை செய்ய வந்தவர்கள் எல்லாம் திட்டுவார்கள்.

அதனால் முதல் கிழமையே கேட்டேன், "நீ எந்த இடத்தில் குதிக்கிறனீ?" என்று. "நான் இறங்கினதில்லை" என்றார். பகிடி என்று நினைத்தேன். மாமியும் அதையே சொன்னா. முப்பத்தைந்து வருஷம்! மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும் வரை இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி கிடைக்குமாம். பாராளுமன்றத்துக்குப் பின்பக்கத்தில் ஒரு மாடம் இருக்கிறது, அங்கே வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, கீழே மார்சிலியில் குதிக்கிற சனத்தைப் பார்ப்பாராம். பிறகு எழும்பி வேலைக்குப் போய்விடுவாராம். "ஏன்ரா?" என்றேன். "ஆரோட வாறது மச்சான்? தனிய வந்து குதிக்கவோ?" என்றார்.

அடுத்த திங்கள் அவருக்கு லீவு. மாமாவின் மகள்தான் எங்களைக் கூட்டிப் போனாள். அங்கேயே பிறந்த பிள்ளை, ஆற்றில் வளர்ந்தவள். கரையில் நிற்க வைத்துப் பாடம் எடுத்தாள். முதலில் உடம்பை நனைக்க வேண்டும், சூட்டோடு பாயக் கூடாது. காலைக் கீழே விடக் கூடாது, கல் அடிக்கும். ஏறுகிற இடங்களில் சிவப்புக் கம்பிகள் இருக்கும், தூரத்தில் கண்டதுமே கரைப் பக்கம் நீந்தத் தொடங்க வேண்டும். "ஒரு கம்பியை விட்டால் அடுத்ததைப் பிடிக்கலாம் மாமா. கடைசிக் கம்பியை மட்டும் விடக் கூடாது. அங்கால அணை." தகப்பனுக்கு இதையெல்லாம் அவள் இதுவரை சொல்லியிருக்கமாட்டாள். அவர் கைகட்டி நின்று கேட்டார்.

அன்று தண்ணீர் 19 பாகை. அது எவ்வளவு குளிர் என்று கடிதத்தில் விளங்கப்படுத்த முடியாது. தம்பி இறங்கிவிட்டான். மகள் இறங்கிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு படியில் நிற்கிறோம். பக்கத்தால் எழுபது வயது வெள்ளைக்காரி ஒருத்தி குட் மோர்னிங் சொல்வதுபோல "குறுயெசெக்" என்றுவிட்டு இறங்கிப் போய்விட்டா. நான் அந்த வெட்கத்தில் காலை வைத்தேன். முதுகில் ஒரு கை. அவ்வளவுதான், தள்ளிவிட்டார். பின்னாலேயே அந்தப் பழைய "ஐயோ".

இழுப்பு நான் நினைத்ததைவிடக் கூட. நீந்தத் தேவையில்லை, ஆறு தூக்கிக்கொண்டு போகிறது. தலையைத் தண்ணீருக்குள் விட்டால் அடியில் கூழாங்கற்கள் உருளுகிற சத்தம் கேட்கிறது, எண்ணெயில் கடுகு வெடிக்கிறமாதிரி. மாமா மல்லாக்காகக் கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாராளுமன்றக் கூரை தெரிந்ததும் கையைத் தூக்கி, தான் வழக்கமாக இருக்கிற இடத்தைக் காட்டினார். அதைப் பார்த்ததில் நான் கம்பியை விட்டுவிட்டேன். மகள் கத்துகிற சத்தம் கேட்டது. அடுத்ததையும் விரல் நுனியில் தவறவிட்டு, அதற்கடுத்ததைத்தான் பிடித்தேன். முழங்கால் உரசி இரத்தம். அம்மாவுக்குப் படியில் சறுக்கியது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்த ஒவ்வொரு இடைவெளியிலும் போனோம். மொத்தம் ஆறு தடவை. ஒரு நாள் ஈரத் தலையோடேயே இரவு வேலைக்கு ஓடினார். நாங்கள் வெளிக்கிட்ட பிறகு தனியாக ஒரு தடவை போனதாக நேற்று மகள் செய்தி அனுப்பியிருக்கிறாள்.

மாமி உனக்கென்று தந்த சொக்கலேற் பெட்டியில் அரைவாசி இருக்கிறது. மீதியைப் பற்றித் தம்பியிடம் கேள். மாமா தை மாதத்தில் இரண்டு கிழமை லீவு எடுக்கப் பார்க்கிறார், மெல்பேர்னில் அப்போது கோடை என்று நான்தான் சொன்னேன். நீ போய் ஐந்து வருஷமாகிறது. கடற்கரையில் நீ நிற்கிற படம் ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை. உன் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று எழுது. துவாய் நாலு வாங்கி வை. தம்பியும் வருவானாம்.

அன்புடன்,
அப்பா