ஸ்டோர் கூரை சீட்டை ஏன் விற்கமாட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மேல்மலைப் பழைய தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, நாங்கள்தான் கழற்றப் போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து, கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "கூரை சீட் என்ன விலை?" என்றுதான். ஒழுகுகிற லயத்துக் காம்பராவுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு)ப் பத்து சீட் மலிவாகக் கிடைக்காதா என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு சீட்டையும் விற்கமாட்டோம். சும்மாவும் கொடுக்கமாட்டோம்.

அது அஸ்பெஸ்டஸ். அசையாமல் கிடக்கும் நல்ல சீட்டால் பெரிய தொல்லையில்லை. வெட்டினால், உடைத்தால், துளை போட்டால் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து, மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிடும். 20, 30 வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். நீல அஸ்பெஸ்டஸை நம் இலங்கையில் 1987இலேயே தடைசெய்துவிட்டார்கள். வெள்ளை மட்டும் பரவாயில்லை என்று நினைக்கவேண்டாம், எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. தேயிலை உலர்த்தும் ட்ரையரின் குழாயில் சுற்றியிருந்த வெள்ளை உறையின் ஓரம் தானாகவே மாவாய் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்ததும், உள்ளே வேலை செய்த எங்கள் பிள்ளைகளை வெளியே வரச் சொல்லிவிட்டோம். இப்போது பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டும் முகக்கவசத்தோடு, தண்ணீர் தெளித்து, சீட்டை உடைக்காமல் இறக்கி, பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுகிறார்கள்.

எஞ்சின் நின்ற இடத்துப் பலகையும் விற்பனைக்கில்லை. வருடக்கணக்காக எண்ணெய் குடித்துக் கறுத்துப்போயிருக்கிறது. அடி மண்ணையும் தோண்டி எடுக்கிறோம். கீழே பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்) இருக்கிறது, அதில்தான் லயத்தார் குடிக்கிறார்கள்.

இடிக்காமல் வைத்திருக்கக்கூடாதா என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். எங்களுக்கும் அந்த ஆசைதான். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் இன்று தேயிலை நூதனசாலை. நுவரெலியா பக்கம் கந்தப்பளையில் ஒன்று ஹோட்டலாகி நிற்கிறது. இங்கேயோ இரும்புத் தூண்கள் அடியில் துருவேறிக் கரைந்துவிட்டன, மேல்மாடியில் கால் வைக்க முடியாது.

அதனால் ஒரு ஆணியைத் தொடும் முன்பே மாடி மாடியாக அளந்து, படம் எடுத்துவிட்டோம். கொழுந்து வாட்டிய மேல்மாடியின் ஜன்னல் வரிசையில் ஒன்றைச் சட்டத்தோடு முழுசாக இறக்குகிறோம். கொழுந்து அரைத்த ரோலரைப் பழைய இரும்புக்காரர் பித்தளைப் பட்டிகளுக்காகவே நல்ல விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. அதையும் வேலை நேரத்துக்கு ஊதிய சங்கையும் துடைத்துத் தோட்டத்துப் பாடசாலை வாசலில் வைக்கப்போகிறோம். குச்சி பொறுக்கும் அறைக் கதவின் உள்பக்கம் யாரோ சோக்கட்டியால் கிலோக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதை அழியாமல் கண்ணாடி போட்டு எடுக்கிறோம்.

சரி, நல்ல மரச்சட்டம், கதவு, தகரம், செங்கல் எல்லாம் சோதித்த பிறகு வழக்கமான விலைக்கே தருவோம். ஸ்டோரில் வேலை செய்த அம்மா, அப்பா, தாத்தாவின் பழைய படம் யாரிடமாவது இருந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறோம்.

உங்கள் பழைய சாமான் கடையினர்