பேத்தியின் செலவைப் பங்கிடுவது குறித்து

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளும் மருமகனும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிவதென்று முடிவெடுத்துவிட்டதையும், குழந்தையின் செலவை இருவரும் பாதிப் பாதியாக ஏற்பதாக வக்கீல் வரைவு எழுதியிருப்பதையும் படித்தேன். பிரிவைப் பற்றி நான் ஆறுதல் சொல்வதைவிட, அந்த ஒரு வரியை மாற்றச் சொல்வதே இப்போது உனக்குப் பயன்படும்.

மகளின் சம்பளம் மாதம் 60,000 ரூபாய், மருமகனுடையது 1,20,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறாய். டே கேர், நர்சரி, வேன், மருந்து எல்லாமாக மாதம் 30,000 ரூபாய் ஆகிறதென்றால், ஆளுக்கு 15,000 என்பது பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது அவள் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு. அவர் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு. அவர் 20,000, இவள் 10,000 என்று வைத்தால் இருவருமே ஆறில் ஒரு பங்கைக் கொடுப்பார்கள். பெற்றோர் இருவரும் வேலையில் இருந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே, தந்தையின் சம்பளம் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், பிள்ளைகளின் செலவை 2:1 என்று பங்கிட்டது. 2020 நவம்பரில் ஜீவனாம்சத்துக்கு நெறிமுறைகள் வகுத்தபோதும், படிப்புச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்க வேண்டும், தாயும் போதிய அளவு சம்பாதித்தால் விகிதப்படி பகிரலாம் என்றே சொன்னது. இதை உன் வக்கீலிடம் தயங்காமல் எடுத்துச் சொல்.

விகிதமும்கூட முழு நியாயமாகிவிடாது என்பதை என் பேத்தி விஷயத்தில் தினமும் பார்க்கிறேன். என் மகனும் மருமகளும் பிரிந்துவிட்டதால் அவள் தாயிடம் வளர்கிறாள். அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் தாய் சிக்கிக்கொண்டால் டே கேரில் கூடுதல் நேரக் கட்டணம் ஏறுகிறது. காய்ச்சல் என்றால் குழந்தையை அங்கே சேர்ப்பதில்லை, விடுப்பு எடுப்பவளும் தாய்தான். அவள் இழக்கும் விடுப்புக்கும், வெளியூர்ப் பணியை மறுப்பதால் தள்ளிப்போகும் பதவி உயர்வுக்கும் எந்த ஒப்பந்தத்திலும் இடம் இல்லை. ஆகவே டே கேர் கட்டணம் முழுவதையும் நீயே ஏற்றுக்கொள் என்று மகனிடம் சொன்னேன். அவனும் மறுக்காமல் மாதம் பிறந்ததும் நேராக அங்கேயே செலுத்திவிடுகிறான். பணம் கைமாறும்போது எழும் பேச்சும் அதனால் இல்லாமல் போயிற்று.

வரைவில் இன்னும் சில வேண்டும். மாதத் தொகைக்குள் எவை அடங்கும், பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, ஆஸ்பத்திரிச் செலவு போன்றவற்றை எப்படித் தனியாகப் பிரிப்பது என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். பள்ளிக் கட்டணம் வருடந்தோறும் ஏறும். ஆண்டு உயர்வு எழுதப்படாவிட்டால் இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின் கீழ் தொகையை மாற்றக் கோரி மீண்டும் நீதிமன்றப் படியேற வேண்டிவரும். பணம் தாமதமானால் குழந்தையைக் காட்டமாட்டேன் என்பதும், காட்டாவிட்டால் பணம் தரமாட்டேன் என்பதும் இரு தரப்பிலிருந்தும் வரக்கூடாது. குழந்தைக்குத் தந்தையும் வேண்டும், சோறும் வேண்டும்.

சீக்கிரம் விடுபட்டால் போதும் என்று உன் மகள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குக் கவலை. தன் ஜீவனாம்சத்தை அவள் வேண்டாம் என்று சொல்லலாம். குழந்தைக்கு உரியதை விட்டுக்கொடுக்கும் உரிமை அவளுக்கு இல்லை. இதை நீ சொல்வதைவிட அவள் அம்மா சொன்னால் கேட்பாள் என்று நினைக்கிறேன்.

திருத்திய வரைவு வந்ததும், கையெழுத்துப் போடுமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

உன் அன்பு நண்பன்