நீச்சல் குளத்துத் தண்ணீர்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், குமரி மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்து வந்திருக்கும் பராமரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா, அடையாள அட்டை விவகாரங்கள் தீர்மானப் புத்தகத்தில் இருக்கின்றன. இந்த அறிக்கை தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

இந்த ஆண்டும் உறுப்பினர்களிடமிருந்து அதிகம் கேட்ட புகார் ஒன்றுதான்: "குளோரின் போட்டுட்டே இருக்கோம், தண்ணி பச்சையாட்டுதான் கெடக்கு." இப்படிச் சொல்லப்பட்ட குளங்களில் பெரும்பாலும் குளோரின் குறைவாக இல்லை. அதைக் கட்டிப்போடும் ஸ்டெபிலைசர்தான், அதாவது சயனூரிக் அமிலம்தான், அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது. நாம் எல்லோரும் மிதவையில் போடும் டி.சி.சி.ஏ. (ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) மாத்திரை குளோரினோடு இதையும் சேர்த்தே கொடுக்கிறது. குளோரின் வெயிலிலும் அழுக்கிலும் செலவழிந்துவிடும். சயனூரிக் அமிலம் செலவழியாது, ஆவியாகவும் ஆகாது.

கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் குளத்தில் 60,000 லிட்டர். அதில் 200 கிராம் மாத்திரை ஒன்று கரைந்தால் குளோரின் 3 பி.பி.எம். (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) ஏறும், சயனூரிக் அமிலம் ஏறத்தாழ 1.8 பி.பி.எம். ஏறும். தினம் ஒன்று போட்டு, தண்ணீரையும் மாற்றாமல் இருந்தால் ஒரே மாதத்தில் 50ஐத் தாண்டும். திறந்தவெளிக் குளத்துக்கு 30 முதல் 50 வரை போதும். 100ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்டெபிலைசரே இல்லாவிட்டால் நம் ஊர் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும், உண்மைதான். அதற்காக ஆண்டு முழுக்க மாத்திரையையே நம்பியிருக்க வேண்டியதில்லை. அளவு 40ஐத் தொட்டதும் திரவ ஹைப்போவுக்கு, அதாவது ஸ்டெபிலைசர் கலக்காத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலுக்கு, மாறுங்கள். 10 சதவீத ஹைப்போ 600 மில்லி ஊற்றினால் மேற்சொன்ன குளத்தில் 1 பி.பி.எம். ஏறும். ஹைப்போவை அந்தந்த வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்த கேன் பெயருக்குத்தான் 10 சதவீதம்.

ஏறிவிட்ட சயனூரிக் அமிலத்தைக் குறைக்க நம் கையில் இருக்கும் ஒரே வழி தண்ணீர் மாற்றுவது. 120ஐ 40 ஆக்க மூன்றில் இரண்டு பங்கை மாற்ற வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. இடவப்பாதியிலும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையிலும் குளத்தை ஒரேயடியாகக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலேறியிருக்கும்போது காலித் தொட்டியை அது அடியிலிருந்து தூக்கும். தரை வெடிக்கும், பைபர் தொட்டி என்றால் மிதந்தே எழும். சிறிது சிறிதாக மாற்றுங்கள், முடிந்தால் மழைக்காலம் கழிந்து.

இனி பரிசோதனை முறை. பயிற்சி நாளில் காட்டியதுதான், ஆனாலும் கை பழகவில்லை. வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குள் திரும்பி வரும் குழாய்க்கு அருகில் மாதிரித் தண்ணீரை எடுக்காதீர்கள். குப்பியைக் கவிழ்த்து முழங்கை ஆழத்துக்கு இறக்கி, அங்கே நிமிர்த்துங்கள். குளோரினுக்கு, பரிசோதனை கிட்டில் இருக்கும் நிறம் காட்டும் டி.பி.டி. 1 மாத்திரையைக் கையால் தொடாமல் போட்டு உடனே நிறம் பாருங்கள், அது தனிக் குளோரின், அதாவது அழுக்கோடு சேராமல் இருப்பது. அதே குப்பியில் டி.பி.டி. 3 போட்டு இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் மொத்தக் குளோரின். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கட்டுண்ட குளோரின். கண் எரிச்சலுக்கும் "குளோரின் நாற்றம்" என்று விருந்தினர் முகம் சுளிப்பதற்கும் காரணம் அதுதான். அது 0.4ஐத் தாண்டினால் அதைப்போல் பத்து மடங்கு குளோரின் கொடுத்து உடைக்க வேண்டும். நாற்றம் வருகிறதே என்று குளோரினைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். டி.பி.டி. 3 போட்ட குப்பியை நன்றாகக் கழுவாமல் அடுத்த பரிசோதனைக்கு எடுத்தால், மிச்சம் ஒட்டியிருந்து தனிக் குளோரினைக் கூட்டிக் காட்டும்.

கிட் ஏமாற்றும் இடங்கள் இன்னும் உண்டு. குளோரின் 10 பி.பி.எம்.ஐத் தாண்டினால் டி.பி.டி.யின் இளஞ்சிவப்பு வெளுத்து, குளோரினே இல்லாததுபோலக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்து நீரோடு நான்கு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து பார்த்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். அதிகக் குளோரினில் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) பார்க்கும் பீனால் ரெட் சாயமும் ஊதாவாகி, பி.எச். ஏறிவிட்டதாகப் பொய் சொல்லும். மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓ.டி.ஓ. கிட் மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். காகிதப் பட்டை கடற்காற்றில் ஈரம் இழுத்துக் கெடும், ஈரக் கையால் எடுத்தால் அன்றே கெடும்.

அளவுகளைச் சரிசெய்யும்போது காரத்தன்மைதான், அதாவது பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் திறன்தான், முதலில். அது 80 முதல் 120க்குள் நின்றால்தான் பி.எச். ஆடாது. 7.5 பி.எச்.சில் குளோரினில் ஏறத்தாழ பாதி வேலை செய்யும் நிலையில் இருக்கும், 8இல் கால் பங்குகூட இராது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வெட்டுக்கல் மண் கிணறுகளின் தண்ணீர் பொதுவாக மென்மையானது, சற்று அமிலத்தன்மையும் உண்டு. அதில் மாத்திரையும் அமிலமாகச் சேர, டைல் இடுக்குச் சிமென்ட் கரைந்து சொரசொரப்பாகிறது. இந்தக் குளங்களில் கடினத்தன்மை (தண்ணீரில் உள்ள கால்சியத்தின் அளவு) 200க்குக் கீழே இருந்தால் கால்சியம் குளோரைடு போடுங்கள். வாளித் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரைக்க வேண்டும், நன்றாகச் சூடேறும். 60,000 லிட்டரில் காரத்தன்மையை 40லிருந்து 80க்குக் கொண்டுவர 4 கிலோ சமையல் சோடா. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் தண்ணீர் பால்போலக் கலங்கும். ஒருநாள் இடைவெளி விடுங்கள்.

முட்டம், குளச்சல், கன்னியாகுமரிக் கடலோர போர்வெல்களில் சிக்கல் நேரெதிர். உப்பும் கடினமும் அதிகமாக இருக்கும் இடங்களில் ஹீட்டரில் படிவு ஏறும், ஸ்டீல் ஏணியில் புள்ளி புள்ளியாகத் துரு விழும். அங்கே ப்ளீச்சிங் பவுடர் போட்டால் கால்சியமும் சேர்ந்து ஏறும். இரும்பு கலந்த கிணற்று நீரில் குளோரினை வாரி இறைத்தால் தண்ணீர் காபி நிறமாகும். முதலில் இரும்பைச் சோதியுங்கள்.

மழை பற்றி ஒரு வார்த்தை. 100 மி.மீ. மழை 60,000 லிட்டர் குளத்தில் 5,000 லிட்டர்தான் சேர்க்கும். ஒரு மழையால் பெரிய மாற்றம் வராது, வாரக்கணக்கில் பெய்யும்போதுதான் காரத்தன்மை இறங்கும். அதைவிடத் தொல்லை, சுற்றுத் தளத்திலிருந்து வழிந்து வரும் மண்ணும் தென்னம்பூவும்.

ஸ்பா தொட்டிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். வெந்நீரிலும் குமிழியிலும் பி.எச். தானாக ஏறும், குளோரின் வேகமாகத் தீரும். குளோரினை 3க்குக் கீழே விடாதீர்கள், வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, டி.சி.சி.ஏ. மாத்திரை வேண்டவே வேண்டாம். 1,500 லிட்டர் தொட்டியில் நாளுக்கு பத்துப் பேர் இறங்கினால் இரண்டு வாரத்துக்குள் முழுத் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள். சபரிமலை சீசன் கூட்டத்தில் அதைவிடச் சீக்கிரம்.

கிடங்கு விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. டி.சி.சி.ஏ.யும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது, ஒன்றை எடுத்த கரண்டியால் மற்றதை எடுக்கவும் கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கும். ஆசிட்டும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு குளத்துக்கும் பதிவேடு வைக்க நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது: குளோரினும் பி.எச்.சும் தினம் இருமுறை, காரத்தன்மை வாரம் ஒருமுறை, கடினத்தன்மையும் சயனூரிக் அமிலமும் மாதம் ஒருமுறை. போட்ட மருந்தின் அளவும் நேரமும் அதே வரியில் எழுதப்பட வேண்டும். இந்தப் பரிந்துரையையும் இந்த அறிக்கையையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்