அந்த 72 மணித்தியாலம் உங்கள் கவுண்டரில் தொடங்குகிறது: திருகோணமலை மாவட்ட மருந்தகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களே, மருந்தாளர்களே, கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கச்சிமாரே,

எச்.ஐ.வி தடுப்பு என்றதும் எல்லோரும் ஆஸ்பத்திரியையும் பாடசாலையையும்தான் சொல்கிறார்கள். ஆனால் ஞாயிறு இரவு ஆணுறை கிழிந்துபோன ஒருவர் முதலில் ஏறுவது உங்கள் கடைப் படிதான். ஆட்கள் குறையும்வரை சவர்க்காரத் தட்டைப் பார்ப்பதுபோல் நின்றுவிட்டு, கடைசியில் மெல்லிய குரலில் ஒரு பொஸ்ரினோர் கேட்பார். நீங்களும் காசை வாங்கிக்கொண்டு கொடுத்து அனுப்புவீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் இன்னும் ஒரு வசனம் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

பொஸ்ரினோர் கர்ப்பம் தங்காமல் பார்க்கும். எச்.ஐ.விக்கு அது எதுவும் செய்யாது. எச்.ஐ.விக்கு வேறு மருந்து இருக்கிறது. பி.இ.பி என்பார்கள், அதாவது தொற்றுக்கு இடமான சம்பவத்துக்குப் பிறகு எடுக்கும் தடுப்பு மருந்து. வழக்கமாக ரெனோபோவிர், லமிவுடின், டொலுரெகிராவிர் மூன்றும் சேர்த்து, நாள் தவறாமல் 28 நாட்கள். இதை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். ஏன் இந்தக் கெடு? கிருமி உள்ளே போன உடனே உடல் முழுவதும் பரவிவிடுவதில்லை. முதலில் போன இடத்துக் கலங்களில் பெருகி, பிறகு நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. ஒருமுறை கலத்தின் மரபணுவுக்குள் தன்னைப் பதித்து நிலைகொண்டுவிட்டால் இன்றுள்ள எந்த மருந்தாலும் அதை முற்றாக அகற்ற முடியாது. மருந்து அதற்கு முந்த வேண்டும். ஆகவே 72 மணித்தியாலம் இருக்கிறதே என்று ஆறுதலாக இருக்கக்கூடாது. இரண்டாவது மணியில் தொடங்குவது இருபதாவது மணியில் தொடங்குவதைவிட நல்லது, இருபதாவது மணி அறுபதாவதைவிட நல்லது.

நீங்கள் சொல்ல வேண்டிய வசனம் இவ்வளவுதான்: "இது கர்ப்பத்துக்கு மட்டும். எச்.ஐ.வி பயம் இருந்தால் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, மூன்று நாளுக்குள்ளே மருந்து தொடங்கலாம்." கிழமை நாட்களில் பகலில் என்றால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் எஸ்.ரி.டி கிளினிக், அதாவது பாலியல் நோய்களுக்கான கிளினிக். இரவிலோ விடுமுறை நாளிலோ என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே சுற்றி வளைக்காமல், என்ன நடந்தது, எத்தனை மணித்தியாலம் ஆகிறது என்ற இரண்டையும் முதலில் சொல்லச் சொல்லுங்கள். ஆபத்து எவ்வளவு, மருந்து தேவையா என்பதை வைத்தியர் முடிவு செய்வார். முதல்நாள் எச்.ஐ.வியோடு ஹெப்பரைற்றிஸ் பி பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் செய்வார்கள். புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ வருகிறவருக்குப் பஸ் நேரமும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே "நாளைக்குப் பார்ப்போம்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

இன்னொன்று. சிலர் பயத்தில் டெற்றோல் வாங்குவார்கள். அதை உள்ளே ஊற்றிக் கழுவினால் மென்தோல் புண்ணாகி, கிருமிக்கு வழி அகலும். வெளிப்புறத்தைச் சாதாரண தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினால் போதும். பாவித்த ஊசி தவறுதலாகக் குத்துப்பட்டவரும் அப்படித்தான்: ஓடும் தண்ணீரில் சவர்க்காரத்தோடு கழுவட்டும், இரத்தத்தைப் பிதுக்க வேண்டாம், ஸ்பிரிட் தேய்க்க வேண்டாம்.

இனி ஆணுறை. பல கடைகளில் அது காசுப்பெட்டிக்குப் பின்னால், மேல் தட்டில், கேட்டால்தான் எடுத்துத் தரும் இடத்தில் இருக்கிறது. கேட்கக் கூச்சப்படுகிறவர் கேட்காமலே போய்விடுவார். பற்பசையும் ஷேவிங் பிளேட்டும் இருக்கும் தட்டில், கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். அக்காமார் வாங்கினாலும் பதினெட்டு வயதுப் பொடியன் வாங்கினாலும் ஒரே முகத்தோடு பில் போடுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் நிறையும் சித்திரை முதல் புரட்டாதி வரை கடை மூடும் நேரத்தையும் கொஞ்சம் தள்ளிப் போட முடிந்தால் நல்லது.

நமது ஊரில் சரக்கைக் கெடுப்பது வெயில். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பார்த்த கண்ணாடி அலுமாரிக்குள் கையை விட்டுப் பாருங்கள், எவ்வளவு சூடு என்று தெரியும். லேற்றெக்ஸ் நீண்டநாள் 30 பாகைக்கு மேல் கிடந்தால் மெல்ல மெல்ல வலுவிழக்கும். 40 பாகைக்கு மேல் போகவே விடக்கூடாது. காலாவதித் திகதி ஐந்து வருடம் தள்ளி இருந்தாலும் வெயில் பட்ட பெட்டிக்கு அந்தத் திகதி பொருந்தாது. ஆகவே காட்சிக்கு வெறும் பெட்டி, சரக்கு உள்ளே நிழலில். மின்மோட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம், அதிலிருந்து வரும் ஓசோன் இறப்பரை அரிக்கும். கொடுக்கும்போது பைக்கற்றை இரண்டு விரலால் ஒருமுறை அழுத்துங்கள். உள்ளே காற்று மெத்தென்று நகர வேண்டும். தட்டையாக இருந்தால் எங்கோ ஓட்டை, ஒதுக்கிவிடுங்கள். ஓட்டோ டாஷ்போர்ட்டிலும் காற்சட்டைப் பின்பையின் பேர்சிலும் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம் என்று வாங்குபவரிடமும் சொல்லிவிடலாம்.

ஆணுறை கிழிவதற்குச் சரக்கைவிடப் பாவனைதான் பெரும்பாலும் காரணம். பல்லாலும் பிளேட்டாலும் பைக்கற்றைப் பிரிப்பது, நுனியில் காற்றைப் பிடித்து வெளியேற்றாமல் போடுவது, வழுவழுப்புப் போதாமல் உராய்வது, "பாதுகாப்புக் கூட" என்று இரண்டை ஒன்றின்மேல் ஒன்று போடுவது. இரண்டு போட்டால் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். எல்லாவற்றையும்விட மோசம் எண்ணெய். தேங்காயெண்ணெய், வஸ்லின், பேபி ஒயில், கைக்குப் பூசும் லோஷன் எதுவானாலும் லேற்றெக்ஸைச் சில நிமிடங்களில் நலிய வைக்கும். கண்ணுக்குத் தெரியாது, இழுபடும்போது கிழியும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அல்லது சிலிக்கோன் வழுக்குக் களிம்பை ஆணுறைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். குதவழி உறவுக்கு அது இல்லாமல் ஆணுறை மட்டும் கொடுப்பது பாதி வேலைதான். சரக்கு எடுக்கும்போது விந்துகொல்லியான நொனொக்ஸினோல்-9 சேர்த்தவற்றைத் தவிருங்கள். அடிக்கடி பாவித்தால் அது மென்தோலை அரித்து எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பைக் கூட்டும்.

அடுத்தது உங்களில் சிலருக்குக் கசக்கும். "சலத்தோடு சீழ் போகுது" என்று வருகிறவருக்குச் சிப்ரோபுளொக்சசின் ஒரு காட் கொடுத்து அனுப்புவதை நிறுத்துங்கள். இப்படிச் சீழ் வரவைக்கும் மேகவெட்டை (கொனோரியா) கிருமி அந்த மருந்துக்குப் பரவலாகப் பழகிவிட்டது. சீழ் குறையும், தொற்று உள்ளே இருக்கும். அவரும் சுகமாகிவிட்டதென்று நம்பி மனைவியிடம் போவார். பாலியல் நோயால் வீங்கிப் புண்ணான இடத்தில் எச்.ஐ.வி பல மடங்கு இலகுவாக ஏறும். எஸ்.ரி.டி கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியம் காப்பார்கள், மனைவிக்கும் சேர்த்தே வைத்தியம் பார்ப்பார்கள். ஒரு காட் குளிசையின் இலாபத்தைவிட அது பெரிது.

ஆபத்து அடிக்கடி வருகிறவர்களுக்கு முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மருந்தும் உண்டு. ரெனோபோவிரும் எம்ரிசிரபினும் சேர்ந்த ஒரு குளிசை. கிளினிக்கில் கேட்கச் சொல்லுங்கள். யாரிடமோ மிஞ்சிய குளிசையையோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததையோ வைத்து நீங்களே யோசனை சொல்ல வேண்டாம். தொடங்குமுன் எச்.ஐ.வி இல்லையென்று பரிசோதித்தே ஆக வேண்டும். ஏற்கெனவே தொற்றுள்ளவர் இந்த இரண்டு மருந்தை மட்டும் விழுங்கினால் கிருமி அவற்றுக்குப் பழகி, பிறகு வைத்தியம் சிக்கலாகும்.

உங்கள் வாடிக்கையாளர்களில் எச்.ஐ.வி மருந்து எடுப்பவரும் இருக்கலாம். மருந்தைக் கிளினிக்கில் எடுத்தாலும் கல்சியத்தையும் நெஞ்செரிவு மருந்தையும் உங்களிடம்தான் வாங்குவார். டொலுரெகிராவிரோடு மக்னீசியம், அலுமினியம் உள்ள நெஞ்செரிவு மருந்து ஒரே நேரத்தில் போனால் வயிற்றிலேயே பிணைந்து, மருந்து இரத்தத்துக்குப் போதியளவு ஏறாது. டொலுரெகிராவிரை இரண்டு மணித்தியாலம் முந்தி அல்லது ஆறு மணித்தியாலம் பிந்தி எடுக்க வேண்டும். கல்சியம், இரும்புக் குளிசைகளுக்கும் இதுவே கணக்கு. ஆனால் கல்சியத்தையும் இரும்பையும் மட்டும், சாப்பாட்டோடு என்றால் டொலுரெகிராவிரோடு சேர்த்தும் எடுக்கலாம். நீரிழிவுக்கு மெற்போர்மின் எடுப்பவர் கிளினிக்கில் அதைச் சொல்ல வேண்டும், மெற்போர்மின் அளவைக் குறைக்க நேரலாம். ரெனோபோவிர் எடுப்பவருக்கு டைக்குளோபினாக் வலிக் குளிசையை நாட்கணக்கில் கொடுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இதைக் கேட்க அவர் தன் நோயைச் சொல்லத் தேவையில்லை. நெஞ்செரிவு மருந்து வாங்குகிற எல்லோரிடமும் "வேறு ஏதாவது தினமும் குடிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் மேலே கிளறாமல் இடைவெளிக் கணக்கை மட்டும் சொல்லுங்கள். மருந்தின் பெயரைக் கடை கேட்கச் சத்தமாக வாசிக்காதீர்கள்.

இவருடைய மருந்து வேலை செய்தால் ஊருக்கும் நன்மை. ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடிக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவால் எச்.ஐ.வி தொற்றாது. கர்ப்பிணித் தாய்மார் எல்லோருக்கும் கர்ப்பிணிக் கிளினிக்கில் வழக்கமாகவே எச்.ஐ.வி பரிசோதனை செய்ததும் ஒரு காரணமாக, தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. ஆண்களுக்கும் கலியாணமாகாத பிள்ளைகளுக்கும் அப்படியொரு வழக்கமான கிளினிக் கிடையாது. அவர்கள் தாமாக வந்து நிற்கிற இடம் உங்கள் கவுண்டர்தான்.

ஆகவே இந்தக் கிழமையே ஒரு வேலை செய்யுங்கள். உள்ளங்கை அளவுத் தாளில், தமிழிலும் சிங்களத்திலும், "எச்.ஐ.வி பயமா? 72 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரி. எவ்வளவு வேளைக்கோ அவ்வளவு நல்லது" என்று அச்சடித்து, பொஸ்ரினோர் பெட்டியோடும் ஆணுறைப் பெட்டியோடும் ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். எஸ்.ரி.டி கிளினிக்கின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி அதன் அடியில் போடுங்கள். இரவு கடை பார்க்கிற பிள்ளைக்கும் அந்தத் தாளில் உள்ளதைச் சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையில் பாலியல் சுகாதாரப் பணியில் இருப்போர் சிலர்